ஒன்பது சனிக்கிழமைகள்: ஒரு துறை எப்போது துறையாகிறது

இந்நகரப் பல்கலைக்கழகத்தின் துணைப் பதிவாளனும், அதன் பாடத்திட்டக் குழுவின் செயலாளனும், இத்திருச்சபையின் இருபத்தாறு ஆண்டு உறுப்பினனுமாகிய லெமுவெல் ஆஸ்க்யூ என்னும் நான், நாளை பிற்பகல் இரண்டு மணிக்கு அப்பல்கலைக்கழகப் பேரவையில் வாக்கெடுப்புக்கு வரவேண்டிய கறுப்பர் ஆய்வுத் துறையைத் தடுத்து நிறுத்தியவன் யார், எதற்காக நிறுத்தினான், நிறுத்தியபின் எதைக் கண்டான் என்பதை ஒளிவு மறைவின்றி எடுத்துரைக்கவே இம்மேடை ஏறியிருக்கிறேன்.

வணக்கங்களை வரிசைப்படி செலுத்திவிட்டுத் தொடர்கிறேன். அளவான சொல்லும் அளவற்ற பொறுமையும் கொண்டு அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஓரன் க்ரிம்ஸ்லி அவர்களே. வெண்ணிற ஆடையும் வெண்ணிறத் தொப்பியுமாய் முன்வரிசையை விளங்கச் செய்திருக்கும் சபைத் தாய்மார்களே. சபை ஊழியத்தில் சொல்லுக்கு முன் செயலை வைக்கும் டீக்கன்மார்களே. வெள்ளைக் கையுறை அணிந்து வாயில் காக்கும் சகோதரிகளே. இரும்பு வார்ப்பாலையின் வெக்கையில் ஆறு நாள் வெந்து ஏழாம் நாள் இங்கே விசிறியோடு அமர்ந்திருக்கும் உழைப்பாளர்களே. இருக்கை போதாமல் சன்னல் விளிம்புகளில் ஏறி அமர்ந்திருக்கும் மாணவ மணிகளே, உங்கள் தலைமுடியின் செழிப்பால் அரங்கில் வெளிச்சம் சற்றே குறைந்திருக்கிறது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. மேடைக்கு அழைத்தும் வர மறுத்து நான்காம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியை ஆர்ஸீலியா விட்லோ அவர்களே. அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தடுத்தவன் நான்.

முணுமுணுப்புக் கேட்கிறது. முணுமுணுக்க உங்களுக்கு உரிமை உண்டு. செப்டம்பர் பதினொன்றாம் நாள், மூன்று பிரதிகளில், என் கையெழுத்திட்டு, நான் எழுப்பிய ஆட்சேபம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. பேரவையின் பதினான்காம் விதி சொல்கிறது: ஒரு புதிய துறையின் அடிப்படைப் பாடத்தின்மீது எழுத்து மூலமான ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்வரை அத்துறையை வாக்கெடுப்புக்கு விடலாகாது, எழுப்பியவர் மட்டுமே, அதுவும் பேரவைக் கூட்டத்தில் மட்டுமே, அதைத் திரும்பப் பெறலாம். நாளையோடு பேரவையின் இவ்வாண்டுக் கூட்டங்கள் முடிகின்றன. நாளை வாக்கெடுப்பு இல்லையென்றால், டிசம்பர் முப்பத்தொன்றாம் நாள் மிஸ் விட்லோவின் தற்காலிகப் பணி ஆணை காலாவதியாகும். பதினான்கு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் நிலையான வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, நம்மை நம்பி, கொதிகலன் அறைக்கும் உடைந்த நாற்காலிகள் குவித்த அறைக்கும் நடுவே பல்கலைக்கழகம் நமக்குக் கொடுத்த நிலவறைக்கு வந்தவர். அவர் வேலை போகும். அறையும் போகும்.

பின்வரிசையில் ஒரு டீக்கன், "நிதானமாச் சொல்லுங்க, பிரதர் ஆஸ்க்யூ, எங்களுக்கு நேரம் இருக்கு" என்கிறார். நன்றி, ஐயா. நிதானம் எனக்கு இயல்பாகவே வரும். அதனால்தான் என்னை விருந்துகளுக்கு அழைப்பதில்லை.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு பொருள் எப்போது ஒரு துறையாகிறது? பாறைகள் உலகம் தோன்றிய நாள் முதல் கிடக்கின்றன. பாறையியல் எப்போது பிறந்தது? விண்மீன்கள் என்றும் இருந்தன. வானியல் என்று வந்தது? நாம் இந்த மண்ணில் முந்நூற்றைம்பது ஆண்டுகளாக இருக்கிறோம். உழுதோம், உருக்கினோம், பாடினோம், பள்ளி கட்டினோம். நம்மைப் பற்றிய அறிவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு கதவு எப்போது திறந்தது? நம்மவர் நடத்தும் கல்லூரிகளில் நம் அறிஞர்கள் அரை நூற்றாண்டாகத் தம் சொந்தச் செலவில், தம் சமையலறை மேசைகளில், இதைச் செய்து வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது மற்றக் கதவுகளைப் பற்றி. நான்கு ஆண்டுகளுக்கு முன், அறுபத்தெட்டின் இறுதியில், மேற்குக் கடற்கரையில் ஒரு கல்லூரியின் மாணவர்கள் ஏறத்தாழ ஐந்து மாதம் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். அடுத்த வசந்தத்தில் இதோ சன்னலில் இருப்பவர்களின் அண்ணன்மாரும் அக்காமாரும் நம் நிர்வாகக் கட்டடத்தின் படிகளில் ஒன்பது நாள் அமர்ந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் நான் தினமும் என் அலுவலகத்துக்குப் போனேன். "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லித் தாண்டினேன். ஒன்பதாம் நாள் ஒரு பெண், "சார், ஒம்பது நாளா எங்களத் தாண்டித் தாண்டிப் போறீங்களே, ஒரு நாளாவது உக்காந்து பாத்தா என்ன, படி கடிக்காது" என்றாள். சிரியுங்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

பேரவை கேட்டது: "இவர்களைப் பற்றி ஏற்கெனவே பாடம் இருக்கிறதே?" இருந்தது. பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலை ஆண்டுதோறும் அச்சுக்கு அனுப்புபவன் நான். சமூகவியல் இருநூற்றுப் பதினெட்டு, "சமூகச் சிக்கல்கள்". முதல் வாரம் குற்றம். இரண்டாம் வாரம் குடிப்பழக்கம். மூன்றாம் வாரம் நாம். நான்காம் வாரம் மனநோய். பதினோர் ஆண்டுகள் அந்தப் பக்கத்தின் அச்சுப்பிழை திருத்தியவன் நானே. காற்புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன. வேறெதையும் நான் பார்க்கவில்லை.

இப்போது நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

சென்ற மார்ச்சில் மிஸ் விட்லோ என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பாட முன்மொழிவுப் படிவம். கக்கத்தில் ஒரு காலணிப் பெட்டி. பாடத்தின் பெயர்: "நம் நகருக்கு வந்தவர்கள்". படிவத்தின் ஏழாம் கட்டம் கேட்பது, பாடத்துக்கான முதன்மைச் சான்றுகள் எவை என்று. அவர் அங்கே எழுதியிருந்தது: "இருநூற்றுப் பதினோர் அடக்க ஆராதனைத் தாள்கள்."

"மிஸ் விட்லோ, இது சான்றா?" என்று கேட்டேன்.

"நீங்க யாரோட அடக்கத்துக்காவது போயிருக்கீங்களா, மிஸ்டர் ஆஸ்க்யூ?"

"போயிருக்கேன்."

"தாள வாங்கி என்ன பண்ணீங்க?"

"வீட்டுக்குக் கொண்டுபோய் வேதாகமத்துக்குள்ள வெச்சேன்."

"ஏன் தூக்கிப் போடல?"

நம்மில் எவரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. முகப்பில் படம், உள்ளே பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர், இந்நகருக்கு வந்த ஆண்டு, செய்த வேலை, சேர்ந்த சபை, விட்டுச் சென்ற பிள்ளைகள். செய்தித்தாள் நம் மரணத்தை அச்சிடாத காலத்தில் நாமே அச்சிட்டுக்கொண்ட வாழ்க்கை வரலாறு அது. இச்சபையின் தாய்மார் தம் வேதாகமங்களிலிருந்து எடுத்துக் கொடுத்தவற்றைத்தான் அவர் காலணிப் பெட்டியில் அடுக்கியிருந்தார். அவருடைய மாணவர்கள் அட்டவணை போட்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அலபாமாவின் டென்பி மாவட்டத்தில் பிறந்தவர்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்த அரங்கில் பாதி டென்பிதான். நானும் டென்பிதான்.

விதிப்படி நடப்பவன் விதிப்படி நடந்தான். சான்று என்றால் சரிபார்க்க வேண்டும். டென்பியில் பிறந்தவர்களின் தாள்களில் நாற்பதைக் குலுக்கி எடுத்தேன். டென்பி மாவட்ட நீதிமன்றத்துக்கு எழுதி, நாற்பது பேரின் பிறப்புப் பதிவுக்கும் சான்றிட்ட நகல் வாங்கினேன். ஆகஸ்டில் உறை வந்தது. ஒரு கையில் தாள், ஒரு கையில் சான்று. ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நாற்பதில் ஒத்துப்போனவை ஒன்பது. ஒத்துப்போகாதவை முப்பத்தொன்று.

நண்பர்களே, என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பேரவையில் இருப்பவர்கள் நம்மைக் குறைத்துப் பேசக் காத்திருப்பவர்கள். இந்த முப்பத்தொன்றை நாளை அவர்களில் ஒருவர் கண்டுபிடித்தால்? நம் துறை தொட்டிலிலேயே நகைப்புக்கு ஆளாகும். அதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று எண்ணினேன். எண்ணிய கையோடு எழுதினேன். குழுத் தலைவரும் வரலாற்றுத் துறையின் மூத்த பேராசிரியருமான ஹால்வர்சன் படித்துப் பார்த்து, "வருத்தமாத்தான் இருக்கு, ஆஸ்க்யூ. ஆனா நீங்க நேர்மையான ஆளு" என்றார். அந்தப் பாராட்டை நான் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன் என்பதையும் மறைக்கமாட்டேன்.

மிஸ் விட்லோ மறுநாள் வந்தார். உட்காரவில்லை.

"முப்பத்தொரு பேரும் பொய் சொல்லிட்டாங்கன்னா சொல்றீங்க?"

"பொய்னு சொல்லலைங்க. ஒத்துப்போகலைன்னு சொல்றேன்."

"எது எதோட ஒத்துப்போகல? நம்மது அவங்களோட ஒத்துப்போகலையா, அவங்களது நம்மளோட ஒத்துப்போகலையா?"

"மிஸ் விட்லோ, ஒன்னுல முத்திரை இருக்கு. இன்னொன்னுல இல்ல."

"அவ்வளவுதானா?" என்றார். "சரி. நான் வீட்டு வாடகைக்காரர்கிட்ட ஜனவரிக்கு மேல கேக்காதீங்கன்னு சொல்லிடறேன்." பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சத்தத்தோடு சாத்தியிருக்கலாம்.

அந்தச் செய்தி இந்தச் சபைக்கு எப்படி வந்தது என்பதை நான் விசாரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, கீழே உணவுக்கூடத்தில் பொரித்த கோழியும் கீரையுமாகத் தட்டை ஏந்தி நின்றேன். மதர் ஐஸிஃபீன் ரட் எனக்கு எதிரே வந்து நின்றார். அறுபத்தேழு வயதில் இன்றும் இச்சபையின் தாய்மாருக்குத் தலைவி. இதோ முதல் வரிசையில் முதல் இருக்கையில் இருக்கிறார்.

"பிரதர் ஆஸ்க்யூ, செத்துப்போனவங்க தேதியத் தப்பாப் போட்டுட்டாங்கன்னு எழுதிக் கொடுத்தியாமே?"

"மதர், வேற வழி இல்ல. உண்மையச் சொல்லணுமில்ல? நம்ம பொம்பளைங்க வயசக் குறைச்சுச் சொல்றது ஊருக்கே தெரிஞ்சது."

தட்டோடு நின்ற அத்தனை பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா, குறைப்போம். நானே மூணு வருசம் குறைச்சிருக்கேன், போதகருக்கும் தெரியும். எத்தன நாள் வித்தியாசம் வருதுன்னு பாத்தியா?"

"மூணு வாரம். ரெண்டு மாசம். அஞ்சு மாசம்."

"ஏன் தம்பி, மூணு வாரத்தக் குறைச்சு எவளாவது அழகாவாளா? பொய் சொல்றவ வருசக்கணக்குல சொல்லுவா. வாரக்கணக்குல சொல்றதுக்குப் பேரு பொய்யா? இன்னொன்னு கேக்கறேன். எங்க தாள்ல இருக்கற தேதி முந்தியா, உன் முத்திரத் தேதி முந்தியா?"

நான் நினைவிலிருந்து சொன்னேன். "தாள்ல இருக்கறதுதான் முந்தி, மதர்."

"அப்பக் கூட்டித்தான் சொல்லியிருக்காளுங்க. வயசக் கூட்டிச் சொன்ன பொம்பளைய நீ எந்த ஊர்ல பாத்த?"

உணவுக்கூடம் சிரித்த சிரிப்பில் என் தட்டிலிருந்த கோழி தரையில் விழுந்தது. சிரித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியும்.

மறுநாள் திங்கட்கிழமை. மதிய உணவு நேரத்தில் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு முப்பத்தொன்றையும் மேசைமேல் பரப்பினேன். இம்முறை ஒத்துப்போகிறதா என்று பார்க்கவில்லை. எப்படி ஒத்துப்போகவில்லை என்று பார்த்தேன். இந்த ஒரு சொல்லின் மாற்றத்தைக் கவனியுங்கள். நாலு பேருக்கு வருடக்கணக்கில் வித்தியாசம். அவர்கள் குறைத்தவர்கள்தாம், பெயர் சொல்லமாட்டேன், அவர்களுடைய தங்கைமார் இருவர் முன்வரிசையில் விசிறியை வேகமாக வீசுகிறார்கள். மீதி இருபத்தேழு பேர். இருபத்தேழிலும் நீதிமன்றத் தேதி பிந்தியது. ஒன்றில்கூட முந்தியதில்லை. தவறு என்பது கண்ணை மூடி எறிந்த கல்; அது இப்பக்கமும் விழும், அப்பக்கமும் விழும். இருபத்தேழு கல்லும் ஒரே பக்கம் விழுமா? விழுந்தால் அது தவறா, ஒழுங்கா?

நீதிமன்றத் தேதிகளை மாதவாரியாக அடுக்கினேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. அவ்வளவுதான். மார்ச்சில் இல்லை, மே மாதத்தில் இல்லை, ஆகஸ்டில் இல்லை. இவர்கள் பிறந்த பன்னிரண்டு ஆண்டுகளில் டென்பியின் நாட்டுப்புறத்தில் ஒரு கறுப்புக் குழந்தைகூட வெயில் காலத்தில் பிறக்கவில்லையா? பிறக்க மறுத்ததா? பருத்தி எடுத்து முடியட்டும் என்று வயிற்றுக்குள்ளேயே காத்திருந்ததா?

நாட்களைப் பார்த்தேன். இருபத்தேழு பேருக்கும் சேர்த்து மொத்தம் ஒன்பதே நாட்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து டிசம்பர் பதினெட்டு என்ற ஒரே நாளில் ஆறு பேர். பதிவாளர் அலுவலகத்தில் நூறாண்டு நாட்காட்டி ஒன்று உண்டு. ஒன்பது தேதிகளையும் அதில் தேடினேன். முதலாவது சனிக்கிழமை. இரண்டாவது சனிக்கிழமை. மூன்றாவதும் சனி. ஒன்பதும் சனிக்கிழமைகள்.

நான் மிஸ் விட்லோவுக்குத் தொலைபேசினேன். "ஒரு நிமிசம் மேல வர முடியுமா?" என்றேன்.

"பெட்டியக் கொண்டு வரணுமா, வேண்டாமா?"

"கொண்டு வாங்க. தயவுசெஞ்சு கொண்டு வாங்க."

அவர் பட்டியலைப் பார்த்தார். என்னைப்போல் வியக்கவில்லை. "இத நாம காகிதத்துகிட்டக் கேக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை நான்கு மணிக்கு, மதர் ரட் வீட்டுச் சமையலறையில், பீச் பழப் பணியாரம் அடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஒன்பது சனிக்கிழமைகள் என்று நான் சொல்லி வாய்மூடுமுன் அவர் சிரித்துவிட்டார்.

"ஜட்ஜுக்கு லீவு கெடைச்ச நாளு" என்றார்.

"எந்த ஜட்ஜு, மதர்?"

"கோவேறு கழுதைக்கு ஜட்ஜுன்னு பேரு. நெலத்துக்காரனோடது. எங்க பெரியம்மா லூவீனியாதான் அந்தப் பக்கம் மருத்துவச்சி. நீதிமன்றம் பதினாறு மைலு. நடவு தொடங்குனா அறுவடை வரைக்கும் ஜட்ஜு வயல்ல. நடுவுல ஆகஸ்டுல வேலை ஓஞ்சாலும் மரம் இழுக்கப் போயிடும். பஞ்செல்லாம் ஏத்தி முடிச்சப்புறம் ஒரு சனிக்கிழம வண்டியக் கொடுப்பான். அன்னைக்கு ஒரேயடியாப் போயி அந்த வருசத்துப் புள்ளைங்க எல்லாத்தையும் பதிஞ்சிட்டு வருவோம்."

"வருவோம்னா, நீங்களும் போனீங்களா?" என்று மிஸ் விட்லோ கேட்டார்.

"பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது. எனக்குப் பத்து வயசு, நாந்தான் எழுதுவேன். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு சீட்டு. பொறந்த தேதி, அம்மா பேரு, அப்பா பேரு. மொதத் தடவ சீட்டக் கொண்டுபோயிக் கொடுத்தேன். அந்த எழுத்தரு சீட்ட வாங்குனான். படிக்கல. செவுத்துல தொங்குன காலண்டரத் திரும்பிப் பாத்தான். அன்னைக்குத் தேதியவே எல்லாப் புள்ளைக்கும் எழுதிட்டு, சீட்டக் குப்பைக்கூடையில போட்டுட்டான்."

"நீங்க ஒன்னும் சொல்லலையா?" இதைக் கேட்டவன் நான்.

மதர் ரட் என்னைப் பார்த்தார். "சொன்னேன். 'சார், அது இன்னைக்குத் தேதி'ன்னேன். பெரியம்மா என் தோளப் புடிச்சு அமுக்குனா பாரு, ஒரு வாரம் வலிச்சுது. வீட்டுக்கு வந்து, புள்ள பொறந்த வீடு வீடாப் போயி சொன்னா: 'அங்க எழுத மாட்டாங்க. வேதாகமத்தோட வெத்துப் பக்கத்துல நீங்களே எழுதுங்க. எழுதத் தெரியலைன்னா ஐஸிஃபீன அனுப்பறேன்.' அதுக்கப்புறம் ஒவ்வொரு வருசமும் ரெண்டு தடவ எழுதுவேன். ஒன்னு குப்பைக்கு. ஒன்னு வேதாகமத்துக்கு."

அன்பர்களே, நாற்பத்தைந்து நிமிடம் நான் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. பதிவாளர் தொழிலில் முதல் நாள் கற்றுத்தரும் முதல் விதி எது தெரியுமா? நிகழ்ந்த தேதி வேறு, வந்து சேர்ந்த தேதி வேறு. ஒன்றின் கட்டத்தில் மற்றதை எழுதாதே. எனக்குக் கீழே வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண் அப்படி எழுதினால் திருப்பி அனுப்புவேன். அதே பிழையை அலபாமாவில் ஒருவர் செய்து அதன்மேல் முத்திரையும் குத்தியிருந்தார். நான் முத்திரையைக் கண்டேன்; பிழையைக் காணவில்லை. முத்திரை இல்லாத தாளில் இருபத்தேழு பிழை கண்டேன்; அங்கே ஒன்றுகூட இல்லை.

நாற்பது பேரைச் சரிபார்த்தேன் என்றேன். மறுநாள் காலை நாற்பத்தோராவது ஆளைப் பார்த்தேன். என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் ஒரு பழுப்பு உறை. இராணுவத்தில் சேர்ந்தபோது வாங்கிய என் பிறப்புச் சான்று. டென்பி மாவட்டம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு, டிசம்பர் பதினாறு. நாட்காட்டியை நான் திறந்திருக்க வேண்டியதில்லை. திறந்தேன். சனிக்கிழமை.

என் தாய் ஜூலை மாதத்தில்தான் எனக்குப் பிறந்தநாள் கேக் செய்வார். ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு வெண்ணெய் என்று அளந்து போடும் கேக். சான்று என் கைக்கு வந்தபின் ஒவ்வொரு ஜூலையிலும் நான் திருத்தினேன். "அம்மா, டிசம்பர் பதினாறு. முத்திர போட்டிருக்கு."

"டேய் லெம், நீ பொறந்தப்ப நான் அங்க இருந்தேன். அந்தக் காகிதம் இல்ல."

"அம்மா, ஞாபகம் தப்பாப் போகும். பதிவு போகாது."

"சரி, டிசம்பர்லயும் ஒன்னு செஞ்சு தர்றேன். இத இப்பத் தின்னு."

நான் தின்னவில்லை. ஜூலையில் வைத்த கேக்கை டிசம்பர்க்காரன் எப்படித் தின்பது? இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படி நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் இறந்தார். அவருடைய அடக்க ஆராதனைத் தாளில் பிறந்த தேதியை நான்தான் நீதிமன்ற நகலைப் பார்த்து அச்சிட்டேன்; அதுவும் ஒரு குளிர்காலச் சனிக்கிழமை. என் அத்தைகள் சொன்னது வேறு. கேட்கவில்லை. இச்சபையில் உள்ள தாள்களிலேயே நிச்சயமாகத் தவறான தேதி கொண்ட தாள் ஒன்று உண்டு. அது மிகவும் கவனமாகத் தயாரிக்கப்பட்ட தாள்.

சற்றுப் பொறுங்கள். தொடர்கிறேன்.

"அப்ப வேதாகமத்துல இருக்கறதெல்லாம் சரி, நீதிமன்றத்துல இருக்கறதெல்லாம் தப்பு, அவ்வளவுதானே?" என்று சன்னலில் இருக்கும் ஒரு மாணவர் கேட்கிறார். இல்லை, தம்பி. அவ்வளவு எளிதாக இருந்தால் அதற்குத் துறை வேண்டாம். பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கொடி போதும். நாலு பேர் வருடக்கணக்கில் குறைத்ததையும் அதே பெட்டிதான் சொன்னது. ஒத்துப்போன ஒன்பது பேர் நீதிமன்றம் இருந்த ஊரிலேயே பிறந்து, நடந்துபோய்ப் பதிந்தவர்கள்; அவர்கள் விஷயத்தில் முத்திரை உண்மை பேசியது. ஆகவே கேட்க வேண்டியது எந்தக் காகிதம் நம்முடையது என்பதல்ல. இந்தக் காகிதத்தை எழுதியவர் யார்? சுமந்தவர் யார்? எத்தனை மைல்? எந்தக் கழுதை? அது யாருடைய கழுதை? எழுதியவர் சீட்டைப் பார்த்தாரா, சுவரைப் பார்த்தாரா? குப்பையில் விழுந்தது எது? விழுந்ததை வேறெங்கோ எழுதிவைத்த பத்து வயதுச் சிறுமி யார்? இவற்றைக் கேட்கத் தெரிவதே கல்வி. இவற்றைக் கேட்கக் கற்பிப்பதே துறை. இவற்றைக் கேட்டதும் யாரிடம் போய் விடை கேட்பது என்று மிஸ் விட்லோவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அந்த வேறுபாட்டுக்குப் பெயர்தான் தேர்ச்சி. ஆட்சேபத்தின் ஐந்தாம் பத்தியில் "இப்பாடத்துக்கு ஆய்வுமுறை இல்லை" என்று எழுதியிருந்தேன். முறை இருந்தது. அதைப் படிக்கும் முறை என்னிடம் இல்லை.

இனி ஒரு செய்தியை அளந்து சொல்ல வேண்டும். கண்டதைப் பேராசிரியர் ஹால்வர்சனிடம் கொண்டுபோனேன். அவர் இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. இருபத்திரண்டு பக்கம். பருத்தி விளையும் மாவட்டங்களில் கறுப்பர் பிறப்புகள் குளிர்காலத்தில் குவிவது ஏன் என்பது அதன் பொருள். உணவு, உழைப்பு, உடலியல்பு, பருவகால ஆசை என்று நான்கு காரணங்கள் கண்டிருந்தார். கழுதையைக் காணவில்லை. அவர் பட்டியலைப் பார்த்தார். சனிக்கிழமைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஆஸ்க்யூ, இந்த மருத்துவச்சியோட ஏட்ட நான் பாக்கணும்."

"ஏடு இல்லைங்க. ஆள் இருக்காங்க."

மேசைமேலிருந்த பேனாவை எடுத்தார். பிறகு, "அந்த அம்மாவோட முகவரியக் கொடுங்க" என்றார். அவரை எள்ளி நகையாடாதீர்கள். கேட்டாரே, அதற்கு அவரைப் பாராட்டுகிறேன். நாளை அவர் எப்படி வாக்களிப்பார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை, கேட்பது விதிக்குப் புறம்பு. ஆனால் ஒன்று தெரியும். அந்தக் கட்டுரை இருபது ஆண்டுகளாக நம் நூலகத்தில் இருக்கிறது. ஒருவரும் அதன்மீது ஆட்சேபம் எழுப்பவில்லை. அதன் சான்றுகளை எவரும் குலுக்கி எடுத்து நாற்பது சரிபார்க்கவில்லை. காலணிப் பெட்டியை மட்டும் சரிபார்த்தோம். சரிபார்த்தவன் நான். அதைத் தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன், தாய்மார்களே, சரிபார்க்கத்தான் வேண்டும். பெட்டியோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு.

எனவே, நண்பர்களே, நமக்குச் சலுகை வேண்டாம். நம் பாடத்துக்கு இளகிய விதி வேண்டாம். இறுகிய விதியே இருக்கட்டும், எல்லோருக்கும் இறுகியிருக்கட்டும். நம் தாளைக் கேட்ட கேள்வியை அவர்கள் ஏட்டையும் கேட்கட்டும். வேதாகமத்தைக் கேட்டது நீதிமன்றத்தையும் கேட்கட்டும். நிலவறையைக் கேட்டது மாடங்களையும் கேட்கட்டும். அவ்வாறு கேட்கத் தொடங்கும் நாளில் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை மட்டும் கூடியிருக்காது. அங்கு ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு துறையும் ஓர் அங்குலம் வளர்ந்திருக்கும். கறுப்பர் ஆய்வு கறுப்பருக்கு என்ன தரும் என்று நான்கு ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். பேராசிரியர் ஹால்வர்சனுக்கு அது இருபத்திரண்டு பக்கத்தைத் திருத்தித் தந்திருக்கிறது. எனக்கு அது தந்ததை முன்பே சொல்லிவிட்டேன்.

பொறுமையோடு கேட்ட தலைவர் அவர்களுக்கும், சினம் கொள்ளக் காரணம் இருந்தும் செவி கொடுத்த அவையினருக்கும், பெட்டியைத் திரும்ப எடுத்து வந்த மிஸ் விட்லோ அவர்களுக்கும், தரையில் விழுந்த கோழிக்குப் பதில் வேறொன்று பரிமாறிய சகோதரிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் மீண்டும் வணக்கம்.

நாளை இரண்டு மணிக்கு நான் எழுந்து நின்று என் ஆட்சேபத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறுவேன். வாக்கெடுப்பு நடக்கும், முடிவு என் கையில் இல்லை. அதே கூட்டத்தில், அதே படிவத்தில், மூன்று பிரதிகளில், புதியதோர் ஆட்சேபம் கொடுப்பேன்: டென்பி மாவட்டப் பதிவேட்டைச் சான்றாகக் கொண்டு இப்பல்கலைக்கழகத்தில் நடக்கும் நான்கு பாடங்களும் அந்த ஏடு எவ்வாறு எழுதப்பட்டது என்று விளக்கம் தரவேண்டும். அதற்குக் கண்கண்ட சாட்சியின் உறுதிமொழி வேண்டும். நான் உறுதிமொழிகளுக்கு முத்திரையிட்டுச் சான்றளிக்கும் இம்மாநில நோட்டரி. முத்திரை என் சட்டைப்பையில் இருக்கிறது. இப்போது இந்த மேடையை விட்டு இறங்கி, அதோ அந்த மேசையில் அமர்ந்து, மதர் ஐஸிஃபீன் ரட் சொல்லச் சொல்ல அவர் சொல்லும் தேதியை எழுதி, அதன்மேல் முத்திரை இடப் போகிறேன்.